பன்னிரண்டு அங்குலப் பிடிவாதம்

கடைசல்காரருக்கு நாற்காலி ஒத்துவரவில்லை. மாவுக்கட்டுப் போட்ட வலது கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, காலையிலிருந்து எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். உட்கார்ந்தால் கால் ஆடியது. எழுந்தால் பட்டறை வாசலுக்கும் லேத்துக்கும் நடுவே நடந்தார். லேத்தை நெருங்கும்போது மட்டும், கொஞ்ச தூரம் இருக்கும்போதே திரும்பிவிட்டார்.

அவர் மனைவி அதைக் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவளைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். நாத்தனார் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பட்டறைக்கு வேலை கொண்டுவருகிறவர்கள், எதிர்ச் சாரியில் சைக்கிள் பழுது பார்ப்பவர், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். "எனக்கு எத்தனை கொழுந்தனாருங்க பாருங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இந்த வாரம் அந்தச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் நடந்தது அப்படி. மருத்துவமனைச் சலவைக்கூடத்துத் துவைக்கும் எந்திரத்துக்கு ஒரு ஃபிளாஞ்ச் தேவைப்பட்டது. நடுவில் கொண்டை வைத்த, சிற்றுண்டித் தட்டு அகலத்துக்கு ஒரு வார்ப்பிரும்பு வட்டம். கடைசல்காரர் அதை லேத்தில் மாட்டிக் கடைந்துகொண்டிருந்தபோது, பொருளைத் தாடைகளால் கவ்விச் சுழற்றும் சக், தன் பிடியை விட்டுவிட்டது. ஃபிளாஞ்ச் பறந்து வந்து அவர் முன்கையில் அடித்து, சுவரில் மோதிப் பிளந்தது. எலும்பும் முறிந்தது. தலையில் பட்டிருந்தால் என்ற வாக்கியத்தை அந்த வீட்டில் இதுவரை யாரும் முடித்ததில்லை.

அன்று இறக்கிய இரும்புக் கதவை இன்றுதான் தூக்கியிருந்தார்கள்.

"வண்டி வரணுமே" என்றார் கடைசல்காரர், தெருவை எட்டிப் பார்த்து.

"எந்த வண்டி?" என்று கேட்டாள் அண்ணி.

அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

உள்ளே, கடைசல்காரரின் தங்கை டிரில்லிங் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான சின்ன உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால். சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர் குருவி. முப்பதைத் தாண்டியும் பெயர் விடவில்லை. இந்தப் பட்டறையிலேயே தொழில் கற்றவள்தான். ஆனால் துளை போடுவது, தேய்ப்பது, சின்னப் புஷ் வளையங்களைக் கடைவது, அதோடு சரி. கொஞ்சம் பெரிய வேலை வந்தால் அண்ணன் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: "நகரு."

வண்டி வந்தது. பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி. இரண்டு பேர் ஒரு கனத்த அட்டைப்பெட்டியை முக்கி முனகித் தூக்கி வந்து, தரையில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னங்க இது?"

"புது சக். பன்னிரண்டு அங்குலம்." கடைசல்காரரின் குரலில் இத்தனை நாள் கழித்து ஒரு தெம்பு தெரிந்தது. "கடைக்காரர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். பழசு எட்டு அங்குலம். அது சின்னதா இருந்ததாலதான் என் கை போச்சு. இது வந்தாச்சு, இனி எதுவும் பறக்காது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா நீ யோசிக்கணும்பே."

குருவி துணியை வீசிவிட்டு ஓடி வந்தாள். பெட்டியைக் கிழித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பளபளவென்று நான்கு தாடைகளோடு கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், லேத்தைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, இது நம்ம லேத்துக்கு இல்ல."

"யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன். இது இந்த லேத்தோட தலையைவிடப் பெருசா இருக்கு. சின்னப் பையனுக்குப் பெரியவங்க சட்டையைப் போட்ட மாதிரி."

"ஆமா, நீ சொல்லித்தான் நான் கத்துக்கணும்."

அண்ணி நடுவில் புகுவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் அக்கா. வெளுப்புத்தூள் நெடி அவரோடு கூடவே உள்ளே வரும். விரல் நுனிகளெல்லாம் அந்தத் தூளில் ஊறித் தோலுரிந்திருக்கும். கக்கத்தில் சாக்கில் சுற்றிய ஒரு புது வார்ப்பு.

"கை எப்படி இருக்கு மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாக்கைப் பிரித்தார். "தப்பா நினைக்காதீங்க. இந்த நிலைமையில உங்ககிட்டயே வந்து நிக்கிறேன். வேற பட்டறையில கேட்டா அடுத்த வாரம்ங்கிறாங்க. இத்தனை நாள் ரெண்டாவது எந்திரத்தை வச்சு ஒப்பேத்தினோம். ராத்திரி அதுவும் படுத்துடுச்சு. காலையில ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பத் துணி இல்ல. ரெண்டு பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பி, இன்னைக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க. அதுல ஒருத்தர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டே அழுதார்."

கடைசல்காரர் சாக்கின் மேல் கிடந்த வார்ப்பைப் பார்த்தார்.

"சாயங்காலம் கொடுத்துடறோம்" என்றார் கடைசல்காரர்.

அண்ணி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "யாருங்க கடையறது?"

"குருவி. நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்றேன், அவ செய்வா. புது சக் இருக்கே."

"நான் அதை மாட்ட மாட்டேன்" என்றாள் குருவி.

சலவைக்கூடத்து அக்கா மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் போய்த் துணிங்களைக் கையாலயாவது அலசப் பார்க்கிறேன். போன் பண்ணுங்க" என்று சொல்லி, நைசாக நழுவிவிட்டார்.

அவர் தெருமுனை திரும்பும்வரைதான் அண்ணனும் தங்கையும் பொறுத்தார்கள்.

"ஆள் முன்னாடி என்னை அவமானப்படுத்தறியா?"

"நீ என்ன வேணா நினைச்சுக்கோ. என் கையும் போகணுமா?"

"அதுக்குத்தானே பெருசா வாங்கினேன்!"

"பெருசா இருந்தா போதுமா?" குருவி அலமாரியிலிருந்து பழைய சக்கின் தாடை ஒன்றை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள். அதன் அடியில் இருந்த பல்வரிசையில் ஓரத்துப் பற்கள் உடைந்து மொட்டையாயிருந்தன. "இதைப் பாரு. இத்தனை பல்லும் உள்ள கடிச்சிருந்தா பிடி நிக்கும். ஃபிளாஞ்ச் அகலமா இருக்குன்னு தாடையை வெளிய வெளிய இழுத்திருக்கே. கடைசில ரெண்டே ரெண்டு பல்லு தாங்குச்சு. அது எத்தனை நேரம் தாங்கும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். எட்டு பத்தல!"

"பத்தலன்னா பன்னிரண்டா? நான் எட்டுலயே செய்வேன். வெளிவிளிம்பைப் பிடிக்காம நடுக் கொண்டையைப் பிடிச்சா எட்டு தாராளம்."

கடைசல்காரர் இடது கையால் வார்ப்பைத் தன் பக்கம் இழுத்தார். விரலைக் கொண்டையின் மேல் ஓட்டினார். கோபத்தில் இருந்த முகம் அப்படியே வேலைக்காரரின் முகமாக மாறியது.

"கைய வச்சுப் பாரு. வார்ப்பு அச்சிலிருந்து கழண்டு வரணும்னு வார்த்தவன் சரிவா வச்சிருக்கான். மேல ஒல்லி, கீழ குண்டு. உயரமும் இல்ல. இதுல தாடை கடிச்சா, ஓட ஓட வழுக்கும். போன வாரம் என் கைக்கு வந்தது, உனக்கு நெஞ்சுக்கு வரும்."

குருவி தடவிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான்.

"அப்ப பன்னிரண்டுதான்" என்றார் அவர்.

"பன்னிரண்டு இல்ல."

"எட்டும் இல்ல, பன்னிரண்டும் இல்லன்னா பல்லாலயா பிடிக்கப்போறே?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் அண்ணி.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இந்த வார்த்தையைப் பட்டறையில் சொன்னதில்லை. இருவரும் மூடிக்கொண்டார்கள்.

அவளுக்கு லேத் ஓட்டத் தெரியாது. ஆனால் பட்டறைக்கு வேலை பேசி வாங்குகிறவள் அவள்தான். எந்த வேலையை ஒத்துக்கொள்ளலாம், எதை அனுப்பிவிடவேண்டும் என்று அவளும்தான் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்று அனுப்பிவிடத்தான் மனசு அடித்துக்கொண்டது. இருப்பது ஒரு நாத்தனார். அவளையும் கட்டுப் போட்டு உட்காரவைத்துப் பார்க்கத் தன்னால் முடியாது. ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுத அந்த மனிதரும் கண்ணிலேயே நின்றார்.

பெட்டியின் அட்டையைப் பிய்த்துத் தரையில் விரித்தாள். "இதைப் பெரட்டி வைங்க" என்று புது சக்கைக் காட்டினாள். குருவி அட்டையின் மேல் அதைச் சாய்த்துப் படுக்கவைத்தாள். அண்ணி சாக்கட்டியால் சுற்றி ஒரு கோடு போட்டாள். பிறகு துணி வெட்டும் கத்தரிக்கோலை வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்து, வட்டமாக வெட்டினாள்.

"என்ன செய்யப்போறே?" என்றார் கடைசல்காரர்.

"உங்க சக்கைக் கனம் இல்லாம மாட்டிப் பார்க்கப்போறேன்."

பழைய சக்கில் அந்தத் தாடையைத் திரும்பக் கோத்து, ஒரு மெல்லிய கம்பியைப் பிடிக்கச் சொன்னாள். அட்டையின் நடுவில் ஓட்டை போட்டு, அந்தக் கம்பியில் கோத்து உள்ளே தள்ளினாள். லேத்தின் தலையில் இப்போது பன்னிரண்டு அங்குல அட்டை முகம் ஒன்று இருந்தது. கீழே, லேத்தின் இரும்புப் படுக்கைக்கும் அட்டைக்கும் நடுவே விரல்கடை இடைவெளி.

"பாத்தியா? இடிக்கல" என்றார் கடைசல்காரர்.

"இப்ப டூலைக் கொண்டா, குருவி" என்றாள் அண்ணி.

கடையும் உளியான டூலைச் சுமந்துகொண்டு படுக்கையின் மேல் முன்னும் பின்னும் நகரும் கேரியேஜைக் குருவி சக்கரத்தைச் சுற்றி மெதுவாக உள்ளே நகர்த்தினாள். படுக்கையைவிடக் கேரியேஜின் தோள் உயரம். டூலின் முனை, ஃபிளாஞ்ச் இருக்கவேண்டிய இடத்தை எட்டுவதற்கு வெகு முன்பே அந்தத் தோள் அட்டையின் கீழ்விளிம்பைத் தொட்டது. அவள் இன்னும் நகர்த்தினாள். அட்டை மடங்கி, கிழிந்து தொங்கியது.

"டூல் எட்டல" என்றாள் குருவி. இதைச் சொல்ல அவள் ஆசைப்பட்டிருக்கவேண்டும். ஆனால் அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது.

"அட்டைக்கு என்ன தெரியும்" என்றார் அவர்.

"இரும்பா இருந்திருந்தா கிழிஞ்சிருக்காது, இடிச்சிருக்கும்" என்றாள் அண்ணி. "அதுவும் இல்லாம, அதை ரெண்டு ஆம்பளைங்க தூக்க முடியாமத் தூக்கினாங்க. நம்ம லேத் அதை நாளெல்லாம் தூக்கிக்கிட்டுச் சுத்தணும். உள்ள பேரிங் முனகுதுன்னு நீங்கதானே போன மாசம் சொன்னீங்க?"

நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்த அவர் கால் நின்றது.

அண்ணி கிழிந்த அட்டையைக் கழற்றி, மறுபடி தரையில் போட்டு, ஓரத்தைச் சுற்றிலும் ஒரே சீராகக் குறைத்து வெட்டினாள். பத்து அங்குலம். கோத்துத் தள்ளினாள். கேரியேஜ் அடியில் சத்தமில்லாமல் போய் வந்தது. வார்ப்பைத் தூக்கி அட்டையின் மேல் வைத்துப் பார்த்தாள் குருவி. விளிம்புக்கு வெளியே சுற்றிலும் இடம் மிஞ்சியது.

"தாடை உடம்புக்குள்ளயே நிக்கும்" என்றாள். "எல்லாப் பல்லும் கடிக்கும்."

கடைசல்காரர் எழுந்து வந்து பார்த்தார். அதாவது, பாதி தூரம் வந்து அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். "நாலு தாடைல வாங்கு. ஒவ்வொண்ணையும் தனித்தனியா இறுக்கறது. வார்ப்பு ஒழுங்கான வட்டமா இருக்காது. மூணு தாடை இதுல ஏமாத்தும்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணி உதிரிபாகக் கடைக்குப் போன் செய்தாள்.

"பன்னிரண்டைத் திருப்பி எடுத்துக்கணும். பத்து வேணும், நாலு தாடை, இப்பவே வேணும்."

"மேஸ்திரிதான் ஒத்தக்கால்ல நின்னார் அண்ணி" என்றது அந்தப் பக்கம். "வேணாம்னு நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கே பாடம் நடத்தறியான்னு என்னையே திட்டினார்."

"அதை விடுங்க. நீங்க கொடுக்கிறது எங்க லேத்தோட மரைக்குச் சேருமா? மாட்டற நேரத்துல சேரலன்னா வேலை நின்னுடும்."

"பழசுக்குப் பின்தட்டு போட்டதே நான்தானே? அதே மரையில பத்துக்கும் தட்டு ஒண்ணு இருக்கு. அனுப்பறேன்."

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் அந்த வண்டி மறுபடி வந்தது. அதற்குள் சலவைக்கூடத்திலிருந்து ஓயாமல் போன். அண்ணி ஒவ்வொரு முறையும் "ஆயிட்டிருக்கு" என்றாள். ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

லேத்தின் படுக்கைமேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் சக்கை வைத்து உருட்டி, குருவியும் அண்ணியும் சேர்ந்து மரையில் ஏற்றினார்கள். சேர்ந்தது. வார்ப்பை நான்கு தாடைக்கும் நடுவே வைத்து இறுக்கினாள் குருவி. கையால் சக்கைச் சுற்றினாள். ஃபிளாஞ்ச் குடித்தவன்போலத் தள்ளாடியது.

ஒரு தாடையைத் தளர்த்தி எதிர்த்தாடையை இறுக்கினாள். இப்போது வேறு பக்கம் தள்ளாடியது. மறுபடி. மறுபடியும். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அவள் இதுவரை செய்த சின்ன வேலைகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அண்ணனிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்கமாட்டாளா என்று அவர் வாசலில் நின்று தவித்தார்.

அண்ணி இருவரையும் பார்த்தாள். இதற்கும் நான்தான் நடுவில் போகவேண்டுமா என்று எரிச்சலாக வந்தது. "கூப்பிடேன் உங்க அண்ணனை" என்றாள். "என்னங்க, அவதான் கூப்பிடமாட்டேங்கிறா, உங்களுக்கு என்ன கிரீடமா இறங்கிடும்?"

வந்தார். லேத் ஓடாமல் நின்றிருந்ததால்தான் வந்தார் என்று அண்ணிக்குத் தோன்றியது. இடது கையில் ஒரு சாக்கட்டியை எடுத்து, ஃபிளாஞ்சின் விளிம்பருகே அசையாமல் பிடித்தார். "சுத்து. மெதுவா." குருவி சுற்றினாள். எங்கே விளிம்பு துருத்திக்கொண்டிருந்ததோ அங்கே மட்டும் வெள்ளைக் கீறல் விழுந்தது.

"துருத்தற பக்கம் தாடையை இறுக்கு. ஆனா முதல்ல எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சமாத் தளர்த்து. நீ ஒரேயடியா தளர்த்தறே. கழுத்து பட்டனை அவுக்கிற மாதிரி நினைச்சுக்கோ. மூச்சு விட இடம் வந்தா போதும்."

கீறல் வளர்ந்து வளர்ந்து, கடைசியில் சுற்றிலும் ஒரே மெல்லிய வளையமாக விழுந்தது. குருவி அவரைப் பார்த்துச் சிரிக்கப் போனாள். அதற்குள், "சரி, போடு மோட்டாரை" என்று சொல்லிக்கொண்டே அவர் நடந்துவிட்டார். நடந்தவர் வாசலில் நிற்கவில்லை. தெருவில் இறங்கி, சைக்கிள் பழுது பார்ப்பவரின் நிழலில் போய் நின்றுகொண்டார்.

"எப்பவும் பக்கத்துல நின்னு கத்துவாரே" என்றாள் குருவி.

"அவருக்குப் பயம்மா இருக்கு" என்றாள் அண்ணி.

சொன்ன பிறகுதான் அது இத்தனை நாளாகத் தனக்குத் தெரிந்திருந்தது என்று உணர்ந்தாள். பன்னிரண்டு அங்குலம் ஏன் வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. தனக்கும் அந்த எந்திரத்துக்கும் நடுவே எவ்வளவு இரும்பை வைத்தாலும் அவருக்குப் போதாது.

குருவி பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தலைமுடியை இறுக்கிக் கட்டினாள். சுழலும் வட்டத்துக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நின்றாள். "நீங்களும் தள்ளிக்குங்க அண்ணி." மோட்டாரைப் போட்டாள்.

லேத் முனகி எழுந்தது. ஃபிளாஞ்ச் மங்கலான வட்டமாயிற்று. அண்ணி சுவரோடு ஒட்டி நின்றாள். டூல் ஃபிளாஞ்சின் முகத்தில் வெளி ஓரத்தைத் தொட்டது.

தொட்டதும் ஒரு கீச்சிடல். பல்லைக் கூசவைக்கும் அந்தச் சத்தம் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. லேத்தின் உடம்பே நடுங்கியது. டூல் முனையிலிருந்து புகை. குருவியின் கை கைப்பிடியிலேயே உறைந்துவிட்டது.

"டூலைப் பின்னால எடு! நிறுத்து, நிறுத்து!"

கடைசல்காரர் தெருவிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்றுவிட்டது. அவர் எப்போதும் திரும்பிவிடும் இடத்தைத் தாண்டி, ஓடுகிற லேத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்று, "ஒண்ணும் ஆகல, டூலை மட்டும் எடு" என்றார். குருவி டூலைப் பின்னுக்கு இழுத்தாள், மோட்டாரை நிறுத்தினாள். சுழற்சி மெல்ல அடங்கியது. ஃபிளாஞ்ச் தன் இடத்திலேயே இருந்தது. நான்கு தாடைகளும் இம்மி நகரவில்லை.

"என்ன வேகத்துல வச்சிருக்கே நீ? புஷ் கடையற வேகத்துலயா? இவ்வளவு அகலத்துக்கு ஓரம் எவ்வளவு வேகமாப் போகும், யோசிக்க வேணாம்? டூல் வெந்துடும்." இடது கையால் கியர்ப் பிடியை இழுத்துக் கீழ் வேகத்துக்குத் தள்ளினார். "டூல் முனையையும் மாத்து. ம், இப்ப போடு."

"அண்ணா, நீ…"

"போடுங்கிறேன்ல."

போட்டாள். லேத் இப்போது நிதானமாகச் சுற்றியது. டூல் தொட்டதும் கரகரவென்று சீரான ஓசை. கறுப்புத் தோலுக்குக் கீழிருந்து சாம்பல் வெள்ளையாக இரும்பு வெளிப்பட்டது. பொடிப்பொடியாகத் துகள் உதிர்ந்தது. கடைசல்காரர் தான் நிற்கும் இடத்தை அப்போதுதான் பார்த்தார். மேலுதட்டில் வியர்வை. போய்விடுவார் என்று அண்ணி நினைத்தாள். அவர் கையை நீட்டி லேத்தின் தலையில் உள்ளங்கையை வைத்தார். பேரிங் சூடாகிறதா என்று பார்க்கிறவரைப்போல.

முகம் கடைந்து, நடுத்துளை பெரிதாக்கி, திருப்பிப் போட்டு மறுபக்கமும் முடியும்வரை அவர் அங்கேயே நின்றார். பாதி நேரம் திட்டினார். "அவசரப்படாதே" என்றார். "அளந்து பாரு" என்றார். "இன்னொரு தடவை அளந்து பாரு" என்றார். "நகரு" என்று மட்டும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் அண்ணியும் குருவியும் ஃபிளாஞ்சைத் துணியில் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். சலவைக்கூடம் கட்டடத்தின் பின்பக்கம், நீராவி படிந்த ஜன்னல்களோடு இருந்தது. உள்ளே அழுக்குத்துணி மூட்டைகள் மனித உயரத்துக்குக் குவிந்திருந்தன. பராமரிப்பு ஆட்கள் ஃபிளாஞ்சைப் பொருத்தி போல்ட்டுகளை முடுக்குகிறவரை குருவி ஒரு மூட்டையின் மேல் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். இந்தக் குடும்பத்துக்கே உட்காரும் வியாதி கிடையாது என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

உருளை ஒருமுறை முக்கியது. பிறகு சுற்றியது. தடதடப்பு இல்லை. தண்ணீர் உள்ளே பாயும் ஓசை கேட்டதும் துணி மடிக்கும் பெண்கள் கை தட்டினார்கள். சலவைக்கூடத்து அக்கா குருவியின் இரும்புத்தூள் படிந்த கையைத் தன் தோலுரிந்த கையால் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில அந்த ரெண்டு பேருக்கும் ஆபரேஷன். இதைக் கடைஞ்சது நீயா? முழுசா நீயா?"

"அண்ணன் பக்கத்துல நின்னார்."

"யார் நின்னா என்ன? கை உன்னோடதுதானே?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பராமரிப்புப் பிரிவுல கடைசலுக்கு ஆள் எடுக்கறாங்க. புது லேத் வந்து உறை பிரிக்காம கிடக்கு, தொடவே ஆள் இல்ல. நீதான் கடையறேன்னு நினைச்சு மதியமே மேல போய் உன்னைப் பத்திச் சொல்லிட்டேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அந்த லேத்துக்கு நீதான் எஜமானி. யாரும் 'நகரு'ன்னு சொல்ல மாட்டாங்க."

குருவி ஃபிளாஞ்சைச் சுற்றி வந்த துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அண்ணியைவிட முன்னால் நடந்தாள், பிறகு நின்றாள், பிறகு பின்தங்கினாள். சாலையைக் கடக்கும்போது அண்ணி அவள் முழங்கையைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.

"ஏதாவது சொல்லேன்டி."

"நீங்க சொல்லுங்க அண்ணி."

போ என்று சொன்னால் பட்டறையின் கதவு மறுபடி இறங்கும். போகாதே என்று சொன்னால், அந்த உறை பிரிக்காத லேத் வாழ்நாள் முழுக்கத் தன் கண்முன் நிற்கும்.

பட்டறையில் விளக்கு எரிந்தது. கடைசல்காரர் ஒற்றைக் கையால் துகள்களைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் துடைப்பத்தைப் பிடித்து இருவரும் பார்த்ததில்லை.

"சுத்துச்சா?"

"சுத்துச்சு" என்றாள் அண்ணி.

"சுத்தாம எங்க போகும்?" முகமெல்லாம் பூரிப்பு. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழாயடியில் கைகழுவ நின்ற தங்கையின் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "குருவி, நான் யோசிச்சேன். கட்டு பிரிச்சாலும் இந்தக் கை பழைய மாதிரி வருமோ வராதோ. வந்தாலும் சரி. எதிர்ல சைக்கிள் கடைக்காரர்கிட்ட, உதிரிபாகக் கடையில, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாளையிலிருந்து யார் வேலை கொண்டுவந்தாலும் உன்கிட்டத்தான் பேசணும். லேத் உன்னோடது. நான் பக்கத்துல நிக்கிறேன், அவ்வளவுதான்."

இந்த வார்த்தைகளுக்காகத்தான் குருவி இத்தனை வருடம் இந்தப் பட்டறையில் சுற்றிச் சுற்றி வந்தாள் என்பது அண்ணிக்குத் தெரியும். போன வாரம் இதைச் சொல்லியிருந்தால் இந்நேரம் கூரையைத் தொட்டிருப்பாள்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன, பேச்சையே காணோம்? காது கேக்குதா?"

"கேக்குது அண்ணா."

அவள் திரும்பவில்லை. அண்ணி அவள் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா…"

"சொல்லு."

"சோப்பு எங்க?" என்று கேட்டாள் குருவி.

சோப்பு அவள் கையில்தான் இருந்தது.